புகைக்கு அப்பால் நின்றவர்: ஒறாபி பாஷாவின் வாழ்வு

முன்னேஸ்வரத்தில் என் மாமா வீட்டு முன் விறாந்தையில் ஒரு பழைய தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஆவணி மாதத்தில் கோயில் திருவிழாவுக்காகச் சிலாபத்துப் பாதை நிறைந்து வழியும்போது, தண்ணீர் கேட்டு உள்ளே வருபவர்கள் அதன் முன்னால் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். படத்தில் கடல். கடலில் பெரிய போர்க்கப்பல்கள். அவற்றின் பீரங்கிகளிலிருந்து புகை மேகம்போல் எழுகிறது. தூரத்தில், கரையோரமாக, தாழ்ந்த கோட்டைச் சுவர்கள் தெரிகின்றன. அடியில் உள்ள ஆங்கில வரி, அது 1882ஆம் ஆண்டு அலெக்சாந்திரியா நகரின் மீது நடந்த குண்டுவீச்சு என்று சொல்கிறது.

மாமாவுக்குப் பழைய போர்க்காலச் சஞ்சிகைகளில் வந்த படங்களைச் சேகரிப்பதில் நீண்டகால ஆசை. கொழும்புக்குப் போகும்போதெல்லாம் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் மணிக்கணக்காக நிற்பார். அட்டை கழன்ற தொகுதிகள், கறையான் அரித்த ஓரங்கள், ஈரத்தில் ஒட்டிப்போன பக்கங்கள் என்று எதையும் வீசமாட்டார். நானோ அந்தப் படத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள். கப்பல்கள் அழகாக இருந்தன. அதனால் கப்பல்களின் பக்கமே என் மனமும் நின்றது.

கடந்த ஆண்டு வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுதினேன். அந்தப் படத்தின் அடியில் இருந்த வரியையே நம்பி, ஒறாபி பாஷா என்பவர் ஒரு கலகக்காரர், நாட்டில் குழப்பம் விளைவித்ததால் ஆங்கிலேயர் வந்து அமைதியை ஏற்படுத்தினர் என்று எழுதிவிட்டேன். நல்ல புள்ளிகளும் கிடைத்தன. மாமாவிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முழுவதும் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் படத்தை வரைந்தவர் எங்கே நின்று வரைந்தார் என்று கேட்டார். நான் திரும்பிப் படத்தைப் பார்த்தேன். வரைந்தவர் நின்ற இடம் கப்பல் தளம். கோட்டைக்குள் என்ன நடந்தது என்பது அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

அன்று தொடங்கித் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது அந்தப் புகைக்கு அப்பால் நின்ற மனிதரின் கதை. அவர் நம் நாட்டில் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் என்பதால், இது நம் கதையும்தான்.

கிராமத்துப் பிள்ளை

அஹ்மத் ஒறாபி 1841ஆம் ஆண்டு எகிப்தின் ஷர்க்கிய்யா மாகாணத்தில், ஸகாஸீக் நகருக்கு அருகில் உள்ள ஒரு சிறு கிராமத்தில் பிறந்தார். தந்தை அந்தக் கிராமத்தின் தலைவர்.  ஓதத் தெரிந்த, மதிப்புள்ள குடும்பம். ஒறாபி சிறுவனாக இருக்கும்போதே தந்தை கொலரா நோயில் வபாத்தானார். பிறகு அண்ணனின் பராமரிப்பில் வளர்ந்தார். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் சில ஆண்டுகள் ஓதினார்.

அக்காலத்தில் எகிப்திய இராணுவத்தில் உயர் பதவிகள் எல்லாம் துருக்கிய, சேர்க்கேசிய வம்சத்தவர்களுக்கே உரியவை. நைல் நதிக்கரையில் உழுது பயிரிடும் மக்களை பல்லாஹ் என்பார்கள். அந்த மக்களின் பிள்ளைகள் சிப்பாய்களாகவே இருந்து சிப்பாய்களாகவே மடிவார்கள். ஆட்சியாளராக இருந்த ஸஈத் பாஷா அந்த வழக்கத்தைச் சற்றே தளர்த்தி, கிராமத் தலைவர்களின் புதல்வர்களையும் இராணுவத்தில் சேர்த்து மேலே வர இடம் கொடுத்தார். பதினான்காவது வயதளவில் ஒறாபி அதில் சேர்ந்தார். இருபது வயதுக்குள் லெப்டினன் கேர்ணல் ஆனார். வேகமான அந்த ஏற்றம் அங்கேயே நின்றுவிட்டது. ஸஈதுக்குப் பின் வந்த இஸ்மாயீலின் காலத்தில் பழைய வம்சப் பாகுபாடு மீண்டும் தலைதூக்கியது. திறமை இருந்தும் மேலே போக முடியாத கசப்பை ஒறாபி பல ஆண்டுகள் விழுங்கிக்கொண்டு வாழ்ந்தார்.

கடன் வாங்கிய நாடு

இஸ்மாயீல் எகிப்தை ஐரோப்பாவாக்க ஆசைப்பட்டார். புகையிரதப் பாதைகள், கால்வாய்கள், மாளிகைகள் எல்லாம் எழுந்தன. எல்லாவற்றுக்கும் கடன். 1875ஆம் ஆண்டு கையில் பணமில்லாமல் சுயெஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகளை ஏறத்தாழ 40 இலட்சம் பவுணுக்கு பிரித்தானியாவுக்கு விற்றார். அடுத்த ஆண்டு நாட்டின் வரவு செலவைப் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மேற்பார்வை செய்யத் தொடங்கினர். கடனின் மொத்தம் அப்போது ஏறத்தாழ 9 கோடிப் பவுண். அந்த வட்டியைக் கட்டியவர் மாளிகையில் இருந்தவரல்ல. வெயிலில் பருத்தி பறித்த பல்லாஹ்தான்.

1879இல் இஸ்மாயீல் பதவி நீக்கப்பட்டு அவருடைய மகன் தவ்ஃபீக் ஆட்சிக்கு வந்தார். செலவைக் குறைப்பதற்காக இராணுவத்தினரின் சம்பளத்திலும் எண்ணிக்கையிலும் கை வைத்தார்கள். வெட்டு விழுந்தது பெரும்பாலும் எகிப்திய மண்ணின் பிள்ளைகள் மீதே.

1881ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒறாபியும் அவருடைய தோழர்கள் இருவரும் யுத்த அமைச்சரை மாற்றும்படி மனுக் கொடுத்தார்கள். மனுக் கொடுத்தவர்களைக் கைதுசெய்தார்கள். அவர்களுடைய படைப்பிரிவுகள் வந்து அவர்களை மீட்டன. அமைச்சர் மாற்றப்பட்டார். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி ஒறாபி தம் படையினருடன் ஆப்தீன் மாளிகையின் முன்னால் போய் நின்றார். அமைச்சரவையை மாற்ற வேண்டும், மக்கள் சபையைக் கூட்ட வேண்டும், இராணுவத்தை விரிவாக்க வேண்டும் என்பவை அவர் வைத்த கோரிக்கைகள். அன்று ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. அவற்றை தவ்ஃபீக் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1882 பெப்ரவரியில் கவிஞரும் படைத்தலைவருமான மஹ்மூத் சாமி அல்-பாரூதி பிரதமரானார். ஒறாபி யுத்த அமைச்சரானார். பாஷா என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

எகிப்து எகிப்தியருக்கே என்ற முழக்கம் அந்த நாட்களில் நாடெங்கும் பரவியது. முஸ்லிம்கள், கொப்திக் கிறிஸ்தவர்கள், யூதர்கள் என்று எல்லாரிலும் அதை ஆதரித்தவர்கள் இருந்தார்கள்.

நீலக் கண்ணாடிக்காரரின் படங்கள்

இந்த இடத்தில் மாமாவின் சேகரிப்பில் இல்லாத, ஆனால் அவர் எப்போதும் ஏங்கிப் பேசும் ஒரு பத்திரிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1839இல் கெய்ரோவில் பிறந்த யஃகூப் ஸனூ என்ற யூத எழுத்தாளர் நாடகாசிரியராக இருந்தவர். அபூ நள்ளாரா என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கண்ணாடி போட்டவர் என்பது அதன் பொருள். ஆட்சியாளரைக் கேலி செய்ததால் 1878இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பாரிஸ் நகரிலிருந்து கல்லச்சில் கேலிச்சித்திரங்களுடன் பத்திரிகையை வெளியிட்டு, இரகசியமாக எகிப்துக்குள் அனுப்பினார். தடை விதிக்கப்படும்போதெல்லாம் பத்திரிகையின் பெயரை மாற்றி மீண்டும் அனுப்புவார்.

அந்தப் படங்களில் ஆட்சியாளர்கள் பெருவயிறுடன் உட்கார்ந்திருப்பார்கள். மெலிந்த பல்லாஹ் வரிச்சுமையின் கீழ் நசுங்குவான். வாசிக்கத் தெரியாத மக்களுக்கும் அந்தப் படங்கள் புரிந்தன. ஒருவர் உரக்க வாசிக்க, கோப்பிக் கடையில் பத்துப் பேர் கூடிப் பார்த்தார்கள். ஒறாபியின் இயக்கம் வளர்ந்தபோது அந்தப் பத்திரிகை அவர் பக்கமே நின்றது.

ஆக, ஒரே மனிதருக்கு ஒரே காலத்தில் இரண்டு உருவங்கள் இருந்தன. இலண்டன் சஞ்சிகைகள் அவரைக் கலகக்காரராக வரைந்தன. பாரிஸிலிருந்து வந்த கல்லச்சுத் தாளில் அவர் மக்களின் தலைவர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை வரலாறு பாதிதான்.

படம் எப்படி வந்தது

நமக்கு இன்று புகைப்படம் நொடியில் கைக்கு வருகிறது. அக்காலத்தில் பத்திரிகையில் புகைப்படத்தை அப்படியே அச்சிட முடியாது. 1842இல் தொடங்கிய இல்லஸ்ரேட்டட் லண்டன் நியூஸ், 1869இல் தொடங்கிய த கிராஃபிக் போன்ற வாராந்தச் சஞ்சிகைகள் போர்முனைக்கே ஓவியர்களை அனுப்பின. மெல்ட்டன் பிரையர் முதலாவது சஞ்சிகைக்காக எகிப்துக்குப் போனார். பிரெடரிக் வில்லியர்ஸ் இரண்டாவது சஞ்சிகைக்காகப் போனார். அலெக்சாந்திரியாவில் குண்டுவீச்சு நடந்தபோது வில்லியர்ஸ் நின்றது கொண்டோர் என்ற பிரித்தானியப் பீரங்கிப் படகில். கோட்டைக்கு மிக அருகில் போய்ச் சண்டையிட்ட படகு அது.

அவர்கள் அவசரமாகக் கிறுக்கிய பென்சில் வரைவுகள் கப்பலில் இலண்டன் போகும். அங்கே வேறு ஓவியர்கள் அவற்றை முழுப்படமாக்கி, கடினமான மரக்கட்டையின் வழுவழுப்பான முகத்தில் தலைகீழாக வரைவார்கள். பெரிய படமாக இருந்தால் பல சிறு கட்டைகளை ஆணியிட்டு இணைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு செதுக்குநரிடம் கொடுப்பார்கள். இரவு பகலாக வேலை நடக்கும். பின்னர் துண்டுகளை மீண்டும் சேர்த்து அச்சுக்கு அனுப்புவார்கள். மாமாவின் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், துண்டுகள் சேர்ந்த இடத்தில் மயிரிழை போன்ற ஒரு வெள்ளைக் கோடு தெரியும்.

போர்முனையில் இருந்தவர் பார்த்தது ஒன்று. இலண்டனில் இருந்தவர் நிரப்பியது இன்னொன்று. அடியில் எழுதப்பட்ட வரி ஆசிரியருடையது. ஒரே படத்துக்குள் இத்தனை பேரின் கை இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் நின்றவரின் கை மட்டும் அதில் இல்லை.

ஜூலை 11

1882 ஜூன் மாதம் அலெக்சாந்திரியாவில் கலவரம் வெடித்தது. எகிப்தியரும் ஐரோப்பியருமாகப் பலர் உயிரிழந்தனர். துறைமுகத்தில் ஏற்கெனவே பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. கோட்டைகளைப் பலப்படுத்துவதை நிறுத்துமாறு பிரித்தானியக் கடற்படைத் தலைவர் சீமோர் இறுதி எச்சரிக்கை விடுத்தார். பிரெஞ்சுக் கப்பல்கள் தாக்குதலில் பங்கெடுக்காமல் விலகிச் சென்றன. ஜூலை 11 காலை 7 மணியளவில் எட்டு இரும்புக் கவசக் கப்பல்களும் சிறு பீரங்கிப் படகுகளும் சுடத் தொடங்கின. மாலை வரை நிற்கவில்லை. கோட்டைகள் நொறுங்கின. அதன்பின் நகரின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. அலெக்சாந்திரியாவில் ஸ்டூடியோ வைத்திருந்த லூயிஜி ஃபியோரில்லோ என்ற புகைப்படக்காரர் எடுத்த இடிபாட்டுப் படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் வீதிகள் எங்கே இருந்தன என்று கண்டுபிடிப்பதே கடினம்.

பிரித்தானியாவிலும் எல்லாரும் இதை ஆதரிக்கவில்லை. பிரதமர் கிளாட்ஸ்டனின் அமைச்சரவையிலிருந்த ஜோன் பிறைட் இந்தக் குண்டுவீச்சைக் கண்டித்துப் பதவி விலகினார். வில்ஃப்ரிட் பிளண்ட் என்ற கவிஞர் ஆரம்பத்திலிருந்தே ஒறாபிக்காக எழுதினார்.

ஒறாபி தம் படையுடன் பின்வாங்கி கஃப்ர் அத்தவ்வார் என்ற இடத்தில் அரண் அமைத்தார். ஐந்து வாரங்களாக பிரித்தானியப் படையால் அந்த வழியே கெய்ரோவுக்குப் போக முடியவில்லை. ஆனால் இங்கேதான் அவர் பெரிய தவறொன்றைச் செய்தார். சுயெஸ் கால்வாயைக் கட்டிய பிரெஞ்சுக்காரர் லெஸ்ஸெப்ஸ், கால்வாய் நடுநிலையானது, அதற்குள் எந்தப் படையும் வராது என்று உறுதி சொன்னார். ஒறாபி அதை நம்பிக் கால்வாயை அடைக்காமல் விட்டார். பிரித்தானியத் தளபதி வூல்ஸ்லி வேறொரு பக்கம் இறங்குவதுபோல் காட்டிவிட்டு, கால்வாய் வழியாகவே இஸ்மாயிலிய்யாவுக்கு வந்து இறங்கினார். ஒறாபியைப் புகழ்ந்து எழுதும் சிலர் இதை எழுதாமல் விடுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது என்பதை அந்தக் கால்வாய் சொல்கிறது.

செப்டெம்பர் 13 விடியலுக்கு முன், தல் அல்-கபீர் என்ற இடத்தில், இருளில் நடந்து வந்த பிரித்தானியப் படை எகிப்தியரின் அகழிகளைத் தாக்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பிரித்தானியத் தரப்பில் 57 பேர் உயிரிழந்தனர். எகிப்தியரில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. ஒறாபி கெய்ரோவுக்குத் திரும்பி, நகரைக் காப்பாற்றுவதற்காகச் சரணடைந்தார்.

இந்த வெற்றியை இலண்டன் ஓவியர்கள் விதவிதமாக வரைந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். போர்க்காட்சிகளை வரைவதில் அக்காலத்தில் மிகப் புகழ்பெற்றிருந்த எலிசபெத் பட்லர் அவர். தல் அல்-கபீர் வெற்றியை அவர் வரைந்து 1885இல் காட்சிக்கு வைத்தார். அந்தப் போரில் பங்கெடுத்த படை அதிகாரியான அவருடைய கணவருக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை. எளிய கிராமத்து மக்களை வென்றதில் பெருமைப்பட எதுவுமில்லை என்பது அவர் எண்ணம்.

வீட்டுக்குள் போன பெண்கள்

பாஷாவைப் பற்றிப் பிரித்தானியாவில் பரவியிருந்த உருவத்தை மாற்ற முயன்றவர்களில் இரு பெண்கள் முக்கியமானவர்கள். ஒருவர் பிளண்டின் மனைவி ஆன். மற்றவர் பின்னாளில் அயர்லாந்தின் புகழ்பெற்ற நாடகாசிரியரான லேடி கிரகரி. ஆண்கள் எவரும் போக முடியாத இடத்துக்கு அவர்கள் போனார்கள். ஒறாபியின் வீட்டுக்குள் சென்று அவருடைய தாயாரையும் மனைவியையும் சந்தித்தார்கள். எளிமையான வீடு, விருந்தோம்பும் மனைவி, கிராமத்து உடையில் இருந்த முதிய தாய் என்று தாம் கண்டதை லேடி கிரகரி 1882இல் கட்டுரையாக எழுதினார். அது டைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்தது.

தோழியரே, இதை நான் வாசித்தபோது நீண்ட நேரம் யோசித்தேன். போர்க்கப்பலில் நின்ற ஓவியர்கள் பார்க்க முடியாத ஒன்றை, வீட்டு வாசலுக்குள் போன பெண்கள் பார்த்தார்கள். நமக்குத் தடை என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் சில நேரம் நமக்கு மட்டும் திறக்கும் கதவும் இருக்கிறது.

பிளண்ட் தம் சொந்தப் பணத்தைச் செலவு செய்து சட்டத்தரணிகளை அனுப்பினார். 1882 டிசம்பர் 3ஆம் திகதி ஒறாபி ஆட்சிக்கு எதிராக எழுந்த குற்றத்தை ஏற்றுக்கொண்டார். மரண தண்டனை வாசிக்கப்பட்டது. உடனேயே அது ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. சொத்துக்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அனுப்பும் இடமாகத் தெரிவு செய்யப்பட்டது நம் இலங்கை. ஆதம் நபி இறங்கிய மலை இருக்கும் தீவு என்று அறபுலகம் நெடுங்காலமாக ஸரந்தீப் என்றழைத்த இதே மண்.

நம் கரையில்

1883 ஜனவரி 10ஆம் திகதி மரியோட்டிஸ் என்ற கப்பல் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. ஒறாபியும் பாரூதியும் உட்பட ஏழு தலைவர்கள் குடும்பங்களுடனும் பணியாட்களுடனும் வந்தார்கள். துறைமுகத்தில் முஸ்லிம்கள் கூட்டமாகத் திரண்டு நின்று அவர்களை வரவேற்றார்கள். கைதிகளை வரவேற்க ஓர் ஊரே வந்து நின்றதை ஆங்கில அதிகாரிகள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

கண்டியில் பிறந்த சட்டத்தரணி எம். சி. சித்திலெப்பை அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 1882 டிசம்பரில், முஸ்லிம் நேசன் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். எகிப்தின் செய்தியைத் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளுக்குக் கொண்டுபோனது அந்தப் பத்திரிகை. இலண்டன் சஞ்சிகை சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் கேட்காத வீடுகளுக்கு, அவர் நம் மொழியில் வேறொரு பக்கத்தைத் திறந்தார். 1885இல் அவர் எழுதிய அசன்பேயுடைய கதை, இலங்கையில் தமிழில் வந்த முதல் நாவலாகக் கருதப்படுகிறது. அதன் களமும் எகிப்துதான்.

ஒறாபி இங்கே ஆங்கிலம் கற்றார். முதலில் கொழும்பிலும் பின்னர் கண்டியிலும் வாழ்ந்தார். அவரைப் பார்த்து நம் பெரியவர்கள் துருக்கித் தொப்பி அணியத் தொடங்கினார்கள் என்று நம் வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஆனால் தொப்பியை விடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. அப்போது நம் சமூகம் நவீன கல்வியை விட்டு ஒதுங்கி நின்றது. ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்ற பயம் இருந்தது. அல்-அஸ்ஹரில் ஓதிய, நாட்டுக்காகப் போராடிய ஒருவரே கல்வி வேண்டும் என்று சொன்னபோது, அந்தப் பயம் சற்றுத் தளர்ந்தது. சித்திலெப்பையும், கட்டடக் கலைஞர் வாப்பிச்சி மரைக்காரும், ஒறாபி பாஷாவும் முன்னின்றதால் 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல்-மத்ரசதுஸ் ஸாஹிறா உதயமானது. அதுவே இன்றைய ஸாஹிறாக் கல்லூரி. பெண் பிள்ளைகளின் கல்விக்கும் சித்திலெப்பை குரல் கொடுத்தார். கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலை நடத்தினார். நாம் இன்று உட்காரும் வகுப்பறை அந்தக் காலத்தில் எவரோ ஒருவர் முகம் சுளிக்க, இன்னொருவர் துணிந்து போட்ட அத்திவாரத்தின் மீது நிற்கிறது.

நாடுகடத்தப்பட்டவர்களின் வாழ்வு இனிமையானதல்ல. அப்துல் ஆல் ஹில்மி 1891இல் கொழும்பில் வபாத்தானார். மஹ்மூத் ஃபஹ்மி 1894இலும் யஃகூப் சாமி 1900இலும் கண்டியில் வபாத்தானார்கள். பாரூதியின் மனைவி எகிப்தில் வபாத்தான செய்தி கடல் கடந்து வந்து சேர்ந்தது. அவருக்காக அவர் எழுதிய இரங்கற்பா அறபு இலக்கியத்தில் இன்றும் பேசப்படுகிறது. அவருடைய பார்வையும் மங்கியது. ஓர் இலண்டன் சஞ்சிகையிலும் இதற்குப் பெரிய படம் வரவில்லை. போர் முடிந்தபின் ஓவியர்கள் அடுத்த போருக்குப் போய்விடுவார்கள்.

திரும்பிய பிறகு

1901ஆம் ஆண்டு பிரித்தானிய இளவரசர் இலங்கைக்கு வந்தபோது ஒறாபி கண்டியில் அவரைச் சந்தித்தார். அதன்பின் எகிப்தின் ஆட்சியாளர் அப்பாஸ் ஹில்மி மன்னிப்பு வழங்கினார். அவ்வாண்டே ஒறாபி தாய்நாடு திரும்பினார். இலங்கை மாங்கன்றுகளை அவர்தான் எகிப்துக்குக் கொண்டுபோனார் என்று அங்கே இன்றும் சொல்வார்கள்.

வரவேற்புக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது கேலி. கவிஞர் அஹ்மத் ஷவ்கீ அவரைப் பழித்துக் கவிதை எழுதினார். ஆங்கிலேயரை நாட்டுக்குள் கொண்டுவந்தவர் இவர்தான் என்று புதிய தலைமுறையின் தேசியவாதிகளே குற்றம் சாட்டினார்கள். ஒரு காலத்தில் மக்கள் தோளில் தூக்கிய மனிதர், கெய்ரோவின் வீதிகளில் அதிகம் கவனிக்கப்படாமல் நடந்தார். தம் வாழ்வின் கதையைத் தாமே எழுதி வைத்தார். 1911 செப்டெம்பர் 21ஆம் திகதி வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1952 புரட்சிக்குப் பின், எகிப்து அவரை மீண்டும் நினைத்தது. பாடநூல்களில் அவர் பெயர் மதிப்புடன் இடம்பெற்றது. கண்டியில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமாகப் பேணப்படுகிறது. கண்டிக்குப் போகும் தோழியர் பெற்றோரை அழைத்துக்கொண்டு ஒரு தடவை அங்கே போய்ப் பாருங்கள்.

தாளின் பின்பக்கம்

பழைய படங்களைச் சேர்ப்பது பொழுதுபோக்குத்தானே என்று சிலர் நினைக்கலாம். தமிழ்நாட்டில் பாரதியார் 1906 தொடக்கம் நடத்திய இந்தியா பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரங்கள் வந்தன. மறைந்து கிடந்த அந்தப் படங்களை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிச் சேர்த்து 1994இல் நூலாக்கினார். அதன் பிறகுதான் பலருக்கும் பாரதியார் எப்படிப் படங்களால் பேசினார் என்று தெரிந்தது. சேர்த்து வைக்காவிட்டால் அது எலிக்கும் கறையானுக்கும் போயிருக்கும்.

மாமா எனக்குச் சில பழக்கங்களைக் கற்றுத் தந்தார். பழைய தாள் கையில் வந்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உண்மையான சஞ்சிகைத் தாளாக இருந்தால் பெரும்பாலும் பின்னாலும் அச்சிருக்கும். உருப்பெருக்கியில் சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்காலப் பிரதி. அழகான நிறம் பூசியிருந்தால், அது விற்பனைக்காகப் பின்னால் பூசப்பட்டிருக்கக்கூடும். வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. பசை நாடா ஒட்டவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வரைந்தார், எங்கே நின்று வரைந்தார், அடியில் உள்ள வரியை எழுதியவர் யார் என்று கேட்க வேண்டும்.

அண்மையில் மாமாவிடம் அந்தப் படத்தை நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். மாமா கொடுக்கவில்லை. எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பாஷாவைக் கலகக்காரர் என்று சொல்லும் படத்தை ஏன் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பொய்யைக் கிழித்துப் போட்டால் அது பொய் என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது என்றார்.

நான் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். இந்த முறை புள்ளிகளுக்காக எழுதவில்லை. அந்த விறாந்தையில் இப்போது இரண்டு சட்டங்கள் தொங்குகின்றன. ஒன்று பழைய குண்டுவீச்சுப் படம். அதன் பக்கத்தில், ஒறாபி பாஷா கொழும்பில் கால் வைத்த ஆண்டையும், ஸாஹிறா தொடங்கிய ஆண்டையும், அவர் வபாத்தான ஆண்டையும் நான் என் கையால் எழுதிய ஒரு தாள். திருவிழாக் காலத்தில் தண்ணீர் குடிக்க வருபவர்கள் இப்போது இரண்டையும் வாசித்துவிட்டுப் போகிறார்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாருடைய பிழைகளை மன்னித்து, சுவனபதியை வழங்குவானாக. ஆமீன்.